ஒரு பெயரடையும் ஒரு புகைபோக்கியும்

"சொக்கப்பனை கொளுத்தும் நாள்வரை இந்த வீட்டில் கணப்பு எரியாது!"

இதை நான் செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டு மேஜையில், எழுந்து நின்று அறிவித்தேன். உட்கார்ந்துகொண்டே அறிவித்திருக்கலாம். ஆனால் சில தீர்மானங்களுக்கு முழங்கால் நிமிர வேண்டும்.

என் மனைவி மாவிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெண்ணெய் கருங்கல்லாக இருந்தது. அவள் அதைக் கத்தியால் உடைத்து, ரொட்டியின்மேல் ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தாள்.

"சரி வாத்தே," என்றாள்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாவிஸ் என்னிடம் ஒரே மூச்சில் 'சரி' என்று சொன்னது இரண்டே தடவை. முதல் தடவை பாதிரியார் முன்னால். அதன் விளைவுகளை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இரண்டாவது 'சரி'யைக் கேட்டதும் நான் பயந்திருக்க வேண்டும். பூரித்துப்போனேன்.

அந்த 'வாத்தே'யைத் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் டார்பிஷைரில் எல்லாரும் எல்லாரையும் வாத்து என்றுதான் அழைப்போம். பால்காரர் பாதிரியாரை அழைப்பார். பஸ் கண்டக்டர் நீதிபதியை அழைப்பார். நாற்பது வருஷம் இலக்கண வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என்னை அழைக்கும்போது மட்டும், பட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு சொல். ஒரே ஒரு பெயரடை. 'நெஷ்.'

லண்டன்காரனிடம் போய் 'நெஷ்' என்று சொல்லிப் பாருங்கள். தும்மினீர்களா என்று கேட்டுக் கைக்குட்டை நீட்டுவான். எங்கள் ஊரில் சொன்னால் மூக்கில் குத்து விழும். நெஷ் என்றால் குளிர் தாங்காதவன். பூஞ்சை உடம்புக்காரன். மே மாதத்தில் கழுத்துக் கம்பளி சுற்றுகிறவன், குளத்தில் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டுத் துண்டு தேடுகிறவன். திருடன் என்று சொன்னால்கூட எங்கள் ஆட்கள் 'நிரூபி பார்க்கலாம்' என்பார்கள். நெஷ் என்று சொன்னால் கோட்டைக் கழற்றுவார்கள். குளிரவில்லை என்று காட்டவும், சண்டைக்கும்.

நாங்கள் இருக்கும் பிராக்லோ தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசைக் கல்வீடுகள். எந்த வாசலில் நின்றாலும் எல்லார் வீட்டுப் புகைபோக்கியும் தெரியும். நவம்பர் ஐந்தாம் தேதி ஊருக்கு நடுவே சொக்கப்பனை கொளுத்துவோம். அதற்குமுன் எவன் வீட்டுப் புகைபோக்கி முதலில் புகைகிறதோ, அவன் அந்த வருஷத்து நெஷ். சொக்கப்பனை விருந்தன்று தேவாலயக் கூடத்தில் கரி அடுப்பை ஒட்டி அவனுக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். தோளில் ஒரு பெண்பிள்ளைச் சால்வை. முதல் கிண்ணம் சூடான பட்டாணிக் கூழ் அவனுக்குத்தான். ஊதி ஊதி ஊட்டியும் விடுவார்கள்.

போன வருஷம் அந்தக் கூழைக் குடித்தவன் அடியேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வினைமுற்று நடத்திக்கொண்டிருந்த வேளையில் மாவிஸ் கணப்பை மூட்டிவிட்டாள். "பல்லு ஆடிச்சு வாத்தே, என்ன பண்ணச் சொல்றே?" என்றாள். புகையைப் பார்த்தது பக்கத்து வீட்டு பேக்ஷா. முன்னாள் பஸ் டிரைவர். ஹாரன் அடிப்பது போன்ற குரல். அதற்கப்புறம் வருஷம் முழுக்க அந்தக் குரல்தான். ஜூலை வெயிலில் நான் தோட்டத்தில் நின்றால்கூட வேலிக்கு அப்பாலிருந்து வரும்: "வாத்தியாரே, ஸ்வெட்டர் போட்டுக்கலையா? மேகம் ஒண்ணு வருது பாருங்க!"

இந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். ஊர்ச்சொற்களைச் சேகரிக்கும் கழகம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. பாதிரியார்தான் தலைவர். விருந்துக்கு முன்னால் அதே கூடத்தில் 'நெஷ்: பொருளும் பிறப்பும் வழக்கும்' என்று நான் சொற்பொழிவாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். யார் என் பெயரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அறிஞர்களைத் தேடி அழைப்பு தானாக வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். நெஷ் என்ற சொல்லைப் பற்றி நெஷ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சால்வையோடு சொற்பொழிவு! என் நாற்பது வருஷ மானம் ஒரு புகைபோக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் தீர்மானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, மாவிஸ் பின்னிக்கொண்டே அக்கறையாகக் கேட்டாள்: "இந்த வருஷமாவது தாக்குப்பிடிப்பியா வாத்தே? இல்ல, சங்கடமா இருந்தா சொல்லு, நாளைக்கே மூட்டிடறேன்." அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. மறுநாள் காலை எழுந்து நின்றேன். மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் பிறந்தது. பிராக்லோ தெருவுக்குக் குளிர் தபாலில் வராது. நேரில் வந்து கட்டிலில் கூடப் படுத்துக்கொள்ளும். காலையில் முகம் கழுவத் தண்ணீரைத் தொட்டால் தண்ணீர் திருப்பி நம்மைத் தொடும். என் மூக்கு இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நம்புவதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

வீட்டில் உட்கார்ந்து எப்படி ஆராய்ச்சி செய்வது? மை உறைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு காலைச் சாப்பாடு முடிந்ததும் நகர நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். மலைச்சரிவின் கீழே இருக்கிறது. நூலகம் மூடும்வரை அங்கேதான். மாவிஸ் வாசல்வரை வந்து வழியனுப்புவாள். கோட்டின் காலரைத் தூக்கிவிடுவாள்.

"சாயங்காலம் வரைக்கும் படிப்பியா வாத்தே?"

"ஆராய்ச்சி, மாவிஸ். படிப்பு இல்லை."

"அஞ்சரைக்கு முன்னாடி வந்துட மாட்டியே?"

"ஏன், பயமாக இருக்கிறதா?"

"ஆமா," என்றாள். எவ்வளவு உண்மையாகச் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நூலகத்தில் நான் கண்டுபிடித்தவற்றைச் சொன்னால் நீங்களே நெகிழ்ந்துபோவீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் சொல்லின் தலையில் ஒரு 'ஹ' இருந்தது. 'ஹ்னெஷ்ஷெ' என்றார்கள். குளிர்ந்த நீரில் கால் வைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், பிசகாமல் வரும். அந்தக் காலத்தில் அது வசவே இல்லை. மென்மை என்று பொருள். கனிந்த பழம் நெஷ். புது ரொட்டியின் உள்பக்கம் நெஷ். இரக்கமுள்ள நெஞ்சு நெஷ். நெஷ்ஷிலும் கடினத்திலும் என்றால் இன்பத்திலும் துன்பத்திலும் என்று அர்த்தம். கோத் மொழியில் எழுதிய பழைய வேதாகமத்தில் அரண்மனைவாசிகளின் மெல்லிய ஆடைகளுக்கு இதன் அக்காள் முறைச் சொல்தான் வருகிறது. அப்புறம் தெற்கத்திக்காரர்கள் அதைத் தொலைத்துவிட்டார்கள். நாங்கள் பத்திரமாக வைத்துக்கொண்டோம், அண்டைவீட்டுக்காரன் மேல் எறிவதற்கு.

மென்மை என்ற நல்ல சொல் எப்படி வசவாகியது? வேறொன்றுமில்லை. மலைநாட்டில் மென்மையானது எதுவும் நவம்பரைத் தாண்டாது.

இதையெல்லாம் நான் அகராதியின் 'என்' எழுத்துத் தொகுதியிலிருந்து எடுத்தேன். எங்கே உட்கார்ந்து எடுத்தேன் என்பது இப்போது முக்கியமில்லை.

சாயங்காலம் வீடு திரும்பினால் மாவிஸ் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாடு பரிமாறுவாள். கையுறையோடு முள்கரண்டி பிடிப்பாள்.

"எப்படி இருந்தது பகல்?" என்பேன்.

"சமாளிச்சேன் வாத்தே."

"மனஉறுதி, மாவிஸ்! எல்லாம் மனசில்தான் இருக்கிறது. என்னைப் பார். எனக்குக் குளிரவே இல்லை."

"உனக்கெப்படிக் குளிரும்?" என்றாள் பயபக்தியோடு.

அவள் கன்னங்கள் அக்டோபர் ஆப்பிள்போல் சிவந்திருந்தன. குளிர் ரத்தத்தைத் தூண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆரோக்கியம் என்று சொல்லிப் பாராட்டினேன்.

எங்கள் பூனைக்கு கேட்டோ என்று பெயர். புலன்களை அடக்கிய ஒரு ரோமானியரின் ஞாபகமாக நான் வைத்தது. அது ஒவ்வொரு நாள் மாலையும் அணைந்துகிடக்கும் கணப்பின் கல்மேல் நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கும். அசையாது.

"பார்த்தாயா?" என்றேன். "நெருப்பில்லாத கணப்பிலும் கடமை தவறவில்லை. இதுதான் வைராக்கியம்."

"அதுக்கு வைராக்கியம் அதிகம்," என்றாள் மாவிஸ், பூனையின் வெதுவெதுப்பான வயிற்றைத் தடவிக்கொண்டு.

இன்னொரு நாள் மூக்கை உறிஞ்சினேன். "புகை வாசனை வரவில்லை?"

"பேக்ஷாவோட சுருட்டு."

"அவன் இங்கே வந்தானா?"

"உன் கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். வழியில பேசினியா இல்லையா?"

பேசியிருந்தேன். பேக்ஷா அந்த மாதம் முழுக்க ஆளே மாறிப்போயிருந்தான். தெருமுனையில் தொப்பியைக் கழற்றுவான். "எப்படித்தான் தாங்குறீங்களோ வாத்தியாரே! எங்களுக்கெல்லாம் நீங்கதான் வழிகாட்டி," என்பான். பெண்களும் அப்படியே. அவன் மனைவி ஐவி ஒரு நாள் எங்கள் வாசலிலிருந்து காலி வாளியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம் மிஸ்டர் ஆல்சப்," என்றாள். முகம் சிவந்துவிட்டது. புகழைக் கேட்டு மற்றவர்கள் முகம் சிவப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் தினமும் தெருவில் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாக முறைப்பேன். ஒன்றிலும் புகை இல்லை. பேக்ஷா வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் இல்லை. என் வீட்டில் நிச்சயம் இல்லை. தெருவே என் ஒழுக்கத்தைப் பின்பற்றுகிறது என்று நினைக்கும்போது கண் கலங்கும். வழிந்த கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துவிடும்.

ஒரு புதன்கிழமை நூலகம் அரைநாளோடு மூடிவிட்டது. மதியமே வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனையில் பேக்ஷா பஸ்ஸை மறிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"வாத்தியாரே! ஒரு சந்தேகம். இந்த நெஷ்ங்கிற சொல்லு எங்கேருந்து வந்துச்சு?"

பக்கத்து வீட்டில் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறான். ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி அவன் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு வா, விளக்கமாகச் சொல்கிறேன்."

"வேண்டாம் வேண்டாம்! இங்கேயே சொல்லுங்க. இப்படித் திரும்பி நில்லுங்க, வீட்டுப் பக்கமிருந்து காத்து வருது. முதுகைக் காட்டி நின்னீங்கன்னா முகத்துல அடிக்காது. ஐவி!" என்று தெருவைப் பார்த்து ஹாரன் அடித்தான். "வாத்தியார் வந்துட்டாரு! சொல்லுக்கு அர்த்தம் சொல்லப்போறாரு!"

"அவளும் கேட்கட்டும், கூப்பிடு."

"அவளுக்கு வேலை இருக்கு. நீங்க சொல்லுங்க. அந்த 'ஹ' எப்ப விழுந்துச்சு?"

"விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"மாவிஸ் சொன்னாங்க. சொல்லிச் சொல்லி எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

ஒரு மணி நேரம் நின்று சொன்னேன். பேக்ஷா கண்கொட்டாமல் என் தோளுக்கு மேலே பார்த்தபடி கேட்டான். சிந்திக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில், "அணைஞ்சிடுச்சு," என்றான்.

"என்ன அணைந்தது?"

"மனசுல இருந்த சந்தேகம். போயிட்டு வாங்க வாத்தியாரே."

வீட்டில் நுழைந்தேன். மாவிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மேஜையில் ரொட்டி. ஒரு துண்டு எடுத்து வெண்ணெய் தடவினேன். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஆகா!" என்றேன். "மாவிஸ், இதுதான்! இந்தச் சொல்லின் ஆதிப் பொருள்! இந்த வெண்ணெய்தான் நெஷ். பதமாக, இளகி, விரலுக்கு வழிவிடுகிறது. என் சொற்பொழிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

மாவிஸ் என்னையும் வெண்ணெயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெண்ணெயைப் பத்தி உனக்கு வேற ஒண்ணும் தோணலையா வாத்தே?"

"தோன்றுகிறதே. நெஷ்ஷான வெண்ணெய் என்று எழுத்துச் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும்."

"நல்லாப் பாரு," என்றாள். "எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ. கொஞ்சம் நிமிர்ந்து நில்லு." ஊசிப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் தோளிலிருந்து தோளுக்குப் பிடித்தாள்.

"எனக்கா?"

"சொற்பொழிவு அன்னிக்குப் போட்டுக்க."

நெகிழ்ந்துபோனேன். கணப்பில்லாத வீட்டில், விறைத்த விரல்களோடு, கணவனுக்குக் கம்பளி பின்னுகிறாள்! அந்தக் குளிரில் எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் பின்னினாளோ, நாளுக்கு ஒரு சாண் வளர்ந்தது.

நவம்பர் ஐந்து வந்தது. என் புகைபோக்கி கறை படாமல் நின்றது. நானும்தான்.

கூடம் நிறைந்திருந்தது. கரி அடுப்பு மூலையில் கனன்றுகொண்டிருந்தது. அதை ஒட்டி அந்த நாற்காலி காலியாக இருந்தது. இந்த வருஷம் யாரோ என்று ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு மேடை ஏறினேன். முதல் வரிசையில் மாவிஸ், மடியில் ஒரு பொட்டலம். அவளுக்கு அந்தப்பக்கம் பேக்ஷாவும் ஐவியும். இந்தப்பக்கம் நூலகத்து மிஸ் கிராட்டன். அவரும் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

முக்கால் மணி நேரம் பேசினேன். ஹ விழுந்த கதை சொன்னேன். கோத் வேதாகமம் சொன்னேன். வெண்ணெய் உதாரணம் சொன்னபோது மட்டும் கூடத்தில் பாதிப்பேருக்கு இருமல் வந்தது. கடைசியில் கையை உயர்த்தினேன்.

"ஒரு சொல் புத்தகத்தில் வாழ்வதில்லை. வாயில் வாழ்கிறது. இந்தச் சொல்லை வைத்து, நம் ஊர் வழக்கில், உயிருள்ள ஒரு வாக்கியம் யாராவது சொல்லுங்கள். கழகத்தின் தொகுப்பில் சேர்க்கப்படும்."

மாவிஸ் கை தூக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் நெஷ்."

சிரித்தேன். பெருந்தன்மையான சிரிப்பு. "வாக்கியம் இலக்கணப்படி சரி. ஆனால் பொருளில் பிழை. ஏனென்றால், என் வீட்டுப் புகைபோக்கி..."

"அக்டோபர் மூணாந்தேதியே புகைஞ்சிடுச்சு வாத்தியாரே," என்றான் பேக்ஷா. "தெருவுல மொதல்ல அதுதான்."

"பொய்!"

"அன்னையிலேருந்து தெனமும். நீங்க மலை இறங்கினதும் புகையும். நீங்க மலை ஏறுறதுக்குள்ள அணையும்."

"யார் சாட்சி?"

"அந்தக் கணப்புல குளிர்காஞ்சவங்க எல்லாம் கையைத் தூக்குங்க," என்றாள் மாவிஸ்.

முதலில் ஐவியின் கை. அப்புறம் எதிர்வீடு. அப்புறம் தெருவே கை தூக்கிற்று. நான் பாதிரியாரைப் பார்த்தேன். கடவுளின் ஊழியர், பொய் சொல்ல மாட்டார். அவர் கையும் மேலே இருந்தது.

"வீட்டுக்கு ஒரு வாளிக் கரி கொண்டாருவோம்," என்றாள் ஐவி. "எல்லாப் புகைபோக்கிக்கும் எதுக்கு அவமானம்? ஒண்ணு போதுமே! உங்க வீட்டுக்குப் பழக்கம் இருக்கு."

"மாவிஸ்!" என்று கத்தினேன். "கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரிமாறினாயே!"

"பகல் பூரா கணப்பு முன்னால உக்காந்துட்டு, அஞ்சரைக்கு நெருப்பை அணைச்சா குளிராதா வாத்தே?"

"அப்படியானால் இங்கே இருக்கும் எல்லாரும் நெஷ்!"

"அதெப்படி?" என்றான் பேக்ஷா. "நாங்க விருந்தாளிங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போயி, கணப்புப் பக்கம் உக்காருங்கன்னு சொன்னா, மாட்டேன்னு சொல்றது மரியாதையா? வழக்கம் புகைபோக்கியைத்தான் கேக்கும். பக்கத்துல உக்காந்தவனைக் கேக்காது."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "புகைந்தது வீடு. நான் இல்லை. அந்த நெருப்பின் பக்கத்தில் நான் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. மாதம் முழுக்க நூலகத்தில், கடும் உழைப்பில் இருந்தேன். கேளுங்கள், மிஸ் கிராட்டன் சாட்சி!"

மிஸ் கிராட்டன் எழுந்தார். நூலகத்தில் பேசுவதுபோலவே தணிந்த குரலில் பேசினார். கூடம் மூச்சை அடக்கிக் கேட்டது.

"மிஸ்டர் ஆல்சப் தினமும் வந்தாரு. அது உண்மை. 'என்' தொகுதி மேற்குச் சுவரோரம் இருக்கும். நல்ல கனம். அவர் அதைத் தூக்கிக்கிட்டு கிழக்குச் சுவரோரம் வெந்நீர்க் குழாய்க்குப் போவாரு. குழாயில முதுகைச் சாய்ச்சு உக்காருவாரு. சாயங்காலம் அந்தத் தொகுதியைத் திருப்பி வைக்கும்போது, புது ரொட்டி மாதிரி சுடச்சுட இருக்கும். ஒரு தடவை குழாய் ரிப்பேர். அன்னிக்கு அவருக்கு ஆராய்ச்சி இல்லை."

கூடம் சிரிப்பில் இடிந்தது. யாரோ தரையில் காலால் தாளம் போட்டார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி மாவிஸ் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஏன் மாவிஸ்?" என்று முணுமுணுத்தேன். "நெருப்பு வேண்டும் என்று கேட்டிருக்கலாமே?"

"நெருப்பு யாருக்கு வேணும் வாத்தே? வீடுதான் வேணும்." அவளும் முணுமுணுத்தாள். "நாப்பது வருஷமா பகல்ல அது என் வீடா இருந்துச்சு. ஜூலைல நீ ரிட்டயர் ஆனே. ஆகஸ்ட் பூரா என் சமையல்கட்டுல நின்னே. நான் உருளைக்கிழங்கு தோல் சீவுறதுல பிழை திருத்தினே. ஐவி கதை சொன்னா நடுவுல புகுந்து இறந்தகாலம் சரிபார்த்தே. ஒருத்தரும் எட்டிப் பார்க்கறதில்ல. உன்னை எப்படி வெளியே அனுப்புறது? வீடு குளிர்ந்தா நீயே போயிடுவேன்னு தெரியும்."

"ஆனால் தீர்மானம் என்னுடையது!"

"ஆமா. முந்தின நாள், தாக்குப்பிடிப்பியான்னு கேட்டது யாரு?"

எனக்கு மெல்ல ஒன்று விளங்கிற்று. "இந்தச் சொற்பொழிவுக்கு என் பேரைக் கழகத்துக்குச் சொன்னது..."

"படிக்கறதுக்கு ஏதாவது வேணுமே வாத்தே, பகல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பான கை. "கோவமா?"

கோபப்படத்தான் பார்த்தேன். ஆனால் ஜூலைக்கு அப்புறம் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நெஷ்ஷிலும் கடினத்திலும் என்று பழைய ஆட்கள் சொன்னது ஞாபகம் வந்தது. சான்றோடு ஞாபகம் வந்தது. அதுதான் என் வியாதி.

"நாளையிலிருந்து?" என்றேன்.

"நாளையிலேருந்து சட்டப்படி கணப்பு மூட்டலாம். சாயங்காலம் நீ வரும்போது எரியும். பகல்ல நீ நூலகம் போ. அடுத்த சொல்லு ஒண்ணு நான் யோசிச்சு வெச்சிருக்கேன். பெரிய சொல்லு. ஏப்ரல் வரைக்கும் வரும்."

பேக்ஷா ஒரு கையையும் பாதிரியார் மறு கையையும் பிடித்து என்னை நாற்காலிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஐவி பட்டாணிக் கூழை ஊதிக்கொண்டு வந்தாள். பேச்சாளருக்குச் சால்வை போர்த்தும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அன்று போர்த்தினார்கள். மாவிஸ் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். மாதம் முழுக்க என் கணப்பின் முன்னால் உட்கார்ந்து, என் தோளளவுக்குப் பின்னியது. ரோஜா நிறம். ஓரத்தில் குஞ்சம். ஒரு நூல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூடமே கைதட்டிற்று. அது அடங்கியதும் மாவிஸ் குனிந்து என் காதருகே கேட்டாள்:

"கழுத்துப் பக்கம் குளிருதா வாத்தே? இன்னும் கொஞ்சம் இழுத்து விடவா?"

ஆயிரம் வருஷத்து 'ஹ'வையெல்லாம் நெஞ்சில் திரட்டி, இல்லை என்று கூடமே அதிரச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம்," என்றேன்.